கொள்ளிடத்தில் கவிழாத வண்டி

பராசரன் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். விளையாட்டு ரயிலைப் பற்றி நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதியவர், இது விளையாட்டு என்று ஒரு வரி எழுதிவைக்கத் தவறிவிட்டார். சாதாரணக் காலமாக இருந்தால் இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அது நாற்பத்திரண்டாம் வருஷத்து ஆகஸ்ட் மாதக் கடைசி. தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். அங்கே தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், இங்கே தந்திக் கம்பியை அறுத்தார்கள் என்று தினம் ஒரு சேதி. கொள்ளிடம் பாலத்துக்கு இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு காவல் போட்டிருந்தது. இப்படிப்பட்ட நேரம் பார்த்துத்தான் மனுஷர், ஆபீஸ் விட்டு வருகிற ரயிலில், உட்கார்ந்த பலகையிலேயே அந்த நோட்டை வைத்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் இறங்கினார்.

தொலைந்தது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு நோட்டு பத்திரமாக அவர் வீட்டுக்கே திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் இன்ஸ்பெக்டர் தர்மராஜ். பின்னால் வீரமலை என்ற கான்ஸ்டபிள், இடுப்பில் விலங்கு தொங்க நின்றான்.

"பராசரன்கறது யாரு?"

"நான்தான் ஸார்."

"டிராஃபிக் மானேஜரா நீ?"

பராசரன் எட்டி நோட்டைப் பார்த்தார். நோட்டின் முதல் பக்கத்தில் விலாசத்துக்கு மேலே, தன் பெயருக்குக் கீழே, 'டிராஃபிக் மானேஜர்' என்று சிவப்பு மசியில் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தார். ரயில்வே கம்பெனியின் வரைபட ஆபீஸில் பத்தொன்பது வருஷமாகப் பாலத்துப் படங்களைப் பிரதி எடுக்கிறவருக்கு, சொந்த ரயிலிலாவது மானேஜராக இருந்துவிட்டுப் போகலாமே என்ற ஆசை. அந்த ஆசை இப்போது காக்கி உடுப்பு போட்டுக்கொண்டு வாசலில் நின்றது.

"இல்லே ஸார். அது சும்மா, விளையாட்டுக்கு..."

"விளையாட்டுக்கா?" இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்து உரக்கப் படித்தார். "'ஆகஸ்ட் 23, ஞாயிறு. 4.10 வண்டி கொள்ளிடம் பாலத்தில் இரண்டாம் தூண் அருகே கவிழ்ந்தது. தண்டவாளத்தைக் கழற்றிப் பார்த்தோம். இ. வெள்ளிக்கிழமை புது சாமான் கொண்டுவருவான். அடுத்த ஞாயிறு மறுபடி.' இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமை."

"விடியக்காலை நாலு பத்துக்குக் கொள்ளிடத்தை எந்த வண்டி தாண்டுது தெரியுமா?"

"தெரியாது ஸார். சத்தியமா தெரியாது."

"பட்டாளத்து வண்டி. எனக்கே முந்தாநாள்தான் தெரியும். உனக்கு யாருய்யா சொன்னது?"

சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்ற வேதவதி, பராசரனின் மனைவி, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். பராசரன் கையைக் கூப்பி, "மாடிக்கு வாங்கோ ஸார். வந்து பார்த்துட்டு அப்புறம் என்ன வேணா பண்ணுங்கோ" என்றார்.

மாடி ஏறி முடிந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் குனிய வேண்டியிருந்தது. இடுப்பு உயரத்தில், படிக்கட்டு முகப்பின் குறுக்கே, இரும்புத் தகட்டிலும் தேக்கிலும் செய்த ஒரு பாலம் வழியை மறித்தது. மூன்று மரத் தூண்கள் தரையில் ஊன்றி அதைத் தாங்கின. பாலத்தின் இரண்டு முனையிலிருந்தும் பலகை வரிசை கிளம்பிக் கூடத்தைச் சுற்றி ஓடியது. பலகை மேல் பித்தளைத் தண்டவாளம், ஒன்றே முக்கால் அங்குல அகலம். கைகாட்டி மரங்கள், தண்ணீர்த் தொட்டி, உள்ளங்கை அகலப் பிளாட்பாரங்கள். ஜங்ஷன், ஸ்ரீரங்கம், லால்குடி, அரியலூர் என்று நெற்றியில் பெயர் எழுதிய ஸ்டேஷன்கள். வீரமலை வாயைப் பிளந்தான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டான்.

"இதுதான் ஸார் கொள்ளிடம் பாலம்" என்றார் பராசரன். "அது இரண்டாம் தூண். கவிழறது இந்த வண்டிதான்."

எஞ்சின் ஜங்ஷனில் நின்றது. எட்டு வருஷத்துக்கு முன்னால் கண்டோன்மெண்டில், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டபோது, உடைந்த தொட்டிலோடும் கிளிக்கூண்டோடும் சேர்த்துத் தள்ளிவிட்ட குப்பையில் அகப்பட்டது. ஜெர்மனி தேசத்துப் பொம்மை. ஒரு முழ நீளம் இராது. வயிற்றில் தண்ணீர் ஊற்றி அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் நிஜ ஆவியிலேயே ஓட வேண்டியது. ஓடவில்லை. பாய்லர் ஒழுகிற்று, சிலிண்டர் தேய்ந்து போயிருந்தது, ஒரு சக்கரத்தைக் காணவே காணோம். பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்த இன்னாசிராஜும் அவருமாகச் சேர்ந்து அதைத் துண்டு துண்டாக மாற்றினார்கள். தாமிரத்தில் புது பாய்லர், கடைந்தெடுத்த புது சிலிண்டர், ஆழமாக விளிம்பு வைத்த சக்கரங்கள். துரை வீட்டுச் சரக்கு என்று இப்போது மிச்சம் இருந்தது புகைபோக்கி ஒன்றுதான். இதில் இரண்டு பேருக்கும் காலணா லாபம் கிடையாது. சனி ஞாயிறுகளில் அந்தக் கூடத்தில் இருக்கும்போது அவர்களைப்போல சந்தோஷமான ஆட்கள் திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலேயே கிடையாது, அவ்வளவுதான். வேதவதி அந்த எஞ்சினுக்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி.

எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. மூன்று வருஷமாகப் பாலத்தின் மேல் வந்தால் வண்டி கவிழ்ந்தது. எஞ்சினில் எதை மாற்றினாலும் இரண்டாம் தூணைத் தாண்டாது. பதினாலு தடவை விழுந்து, பதினாலு தடவையும் தேதி போட்டு நோட்டில் ஏறியிருந்தது. முன் சக்கர ஜோடி அங்கும் இங்கும் ஆடுவதால்தான் வினை, அதை நடுவில் இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் வேண்டும் என்று இருவரும் முடிவுகட்டி, இன்னாசிராஜ் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் அதைக் கொண்டுவந்து பற்றவைத்துவிட்டுப் போனான். இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. யுத்த காலத்தில் ஸ்பிரிட் கிடைப்பது குதிரைக்கொம்பு. இருந்தது கால் பாட்டில்.

இன்ஸ்பெக்டர் பலகையை ஒரு சுற்று நடந்து பார்த்தார். துறையூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை அவர். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்காத வம்சம்.

"பொம்மைதான், இல்லேங்கல. ஆனா பொம்மையில ஒத்திகை பார்த்துட்டு நிஜத்துல செய்யலாமில்ல? படம் போடற ஆபீஸ்ல வேலை. பாலத்தோட கணக்கெல்லாம் உன் கையில. நாலு பத்துங்கற நேரம் எங்கேருந்து வந்தது?"

"அது என் கடிகாரத்து நேரம் ஸார்." பராசரன் விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். "ஒரு நாழிகைக்கு இருபத்துநாலு நிமிஷம். ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி. என் ரயிலுக்கு ஒரு நாழிகைதான் ஒரு நாள். ஒரு நிமிஷம் போச்சுன்னா ஒரு மணி ஆச்சுன்னு கணக்கு. மூணு மணிக்கு ஜங்ஷனை விட்டா, ஒரு நிமிஷம் பத்து செகண்டுல பாலத்துக்கு வரும். அதுதான் நாலு பத்து."

"நீயா கட்டற கதையா இருக்கே."

"ஓட்டிக் காட்டறேன். கடிகாரத்தை வச்சுண்டு பாருங்கோ."

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். "சரி. நான் கண்ணால பார்த்ததைத்தான் எழுதுவேன். பன்னண்டு மணிக்கு மேலிடத்துல ரிப்போர்ட் கேக்கறாங்க. நோட்டுல இருக்கிறபடி, இருக்கிற இடத்துல, இருக்கிற நேரத்துல இது கவிழ்ந்துச்சுன்னா இது பொம்மைக் கணக்குன்னு எழுதிட்டுப் போயிடறேன். கவிழலைன்னா..." வீரமலையின் இடுப்பைப் பார்த்தார், போதாதா?

பராசரன் பாய்லரில் தண்ணீர் ஊற்றி, ஸ்பிரிட்டை அளந்து விட்டு, விளக்கை ஏற்றினார். மூன்று குச்சி வீணாயிற்று. ஆவி பிடிக்கப் பத்து நிமிஷம். அதற்குள் வேதவதியும் மாடிப்படியில் பாதி ஏறி வந்து, பாலத்துக்குக் கீழே தலை மட்டும் தெரிய நின்றாள். அவள் முகம் வெளிறிக் கிடந்தது. போலீஸைக் கண்ட பயம் என்று பராசரன் நினைத்துக்கொண்டார்.

அந்தக் கூடத்தில் எதையும் தொடக்கூடாது என்று அவளுக்குக் கண்டிப்பான உத்தரவு. பெருக்கலாம், அதுவும் பலகைக்குக் கீழே. ஆகையால் அவளாக மாடி ஏறுவதே அபூர்வம்.

"மூணு மணி" என்று சொல்லி பராசரன் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் இருமிற்று, சக்கரம் ஒரு தடவை வழுக்கிற்று, பிறகு நான்கு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு கிளம்பியது. ஸ்ரீரங்கம் தாண்டிற்று. வடக்குச் சுவரோரம் வளைந்து, ஏற்றத்தில் மூச்சு வாங்கி, ஜன்னலடி வந்தது. இன்ஸ்பெக்டரின் உதடு செகண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது. "அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, எழுபது" என்னும்போது முன் சக்கரம் பாலத்தில் ஏறியது. நாலு பத்து, பிசகே இல்லை. வீரமலை "அடேயப்பா" என்றான்.

முதல் தூண். இரண்டாம் தூண். வண்டி தாண்டியது. மூன்றாம் தூண், மறுகரை, அதற்கப்பால் லால்குடி ஸ்டேஷன். கடைசிப் பெட்டி வரை ஓர் ஆட்டம்கூட இல்லை.

"தாண்டிடுத்து!" என்று கத்திவிட்டார் பராசரன். கையைக்கூடத் தட்டினார். மூன்று வருஷம் பட்ட பாடு. கண்ணில் ஜலம் கட்டிக்கொண்டது. இன்னாசிராஜ் இல்லையே பார்க்க என்று ஒரு க்ஷணம் மனசு அடித்துக்கொண்டது. அப்புறம்தான் இன்ஸ்பெக்டர் கடிகாரத்தை மூடுகிற சத்தம் கேட்டது.

"ஆமா. தாண்டிடுச்சு. நானும் பார்த்தேன்."

பராசரனின் சந்தோஷம் அப்படியே உறைந்து போயிற்று. கூடத்தில் எஞ்சின் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பதினாலு தடவை கவிழ்ந்துச்சுன்னு எழுதியிருக்கு. நிஜப் பாலத்துல எதுவும் கவிழல. பொம்மையும் கவிழல. அப்போ நீ எழுதினதுக்கு என்னய்யா அர்த்தம்?"

"ஸ்பிரிங் ஸார்! புது ஸ்பிரிங் போட்டிருக்கோம். அதனாலேதான் தாண்டறது. அதை எடுத்துட்டா பழையபடி கவிழ்ந்துடும். எடுத்துக் காட்டறேன்."

பற்றவைத்த ஸ்பிரிங்கை எடுப்பது என்றால் முறிப்பதுதான். விளக்கை அணைத்து, எஞ்சினைத் துணியால் பிடித்துத் திருப்பி மடியில் கிடத்தி, குறட்டை எடுத்தார். மெல்லிய பித்தளைக் கம்பி. இன்னாசிராஜ் நாலு தரம் சுற்றி நாலு தரம் பிரித்து, ஐந்தாம் தரம் சரிப்படுத்தியது. குறட்டின் வாயில் அதைக் கவ்விக்கொண்டு பராசரன் கண்ணை மூடிக்கொண்டார். டக்கென்று ஒடிந்தது. சொந்த விரலை ஒடித்தமாதிரி இருந்தது அவருக்கு.

மிச்சமிருந்த ஸ்பிரிட்டில் பாதியை ஊற்றி மறுபடி ஏற்றினார். மறுபடி பத்து நிமிஷம். கோபுரத்துப் புறாக்கள் ஓட்டின் மேல் நடக்கிற சத்தம்கூடக் கேட்டது. ரங்கநாதா, கவிழ்ந்துடணும் என்று பராசரன் வேண்டிக்கொண்டார். மூன்று வருஷமாக இதே பெருமாளிடம் கவிழக்கூடாது என்று வேண்டியவர். பெருமாளுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

"மூணு மணி."

ஸ்பிரிங் இல்லாத முன் சக்கரம் தாறுமாறாக ஆடிக்கொண்டே போயிற்று. வளைவில் ஒரு கணம் விளிம்பு ஏறுகிறாற்போல் இருந்து இறங்கியது. விழும், நிச்சயம் விழும் என்று பராசரன் நகத்தைக் கடித்தார். பாலத்தில் ஏறியது. முதல் தூண். இரண்டாம் தூணின் மேல் ஆடிற்று, குலுங்கிற்று, தாண்டிவிட்டது.

பராசரன் தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினாலு தடவை விழுந்த வண்டி, பதினாலு தடவையும் இருந்த அதே கோலத்தில், விழமாட்டேன் என்கிறது.

"வீரமலை, அவரைச் சட்டையைப் போட்டுக்கச் சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பிறகு பராசரன் பக்கம் குனிந்து, "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அந்த 'இ' யாருன்னு சொல்லு. நீ வெறுமனே எழுதிக் குடுத்த ஆளு, செய்யறது அவன்னு நான் எழுதிக்கறேன். உன்னைக் கொஞ்ச நாள்ல விட்டுடுவாங்க" என்றார்.

இந்நேரம் இன்னாசிராஜ் நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போயிருப்பான். ஒரு பெயரைச் சொன்னால் போதும், கோயில் வாசலிலேயே பிடித்துவிடுவார்கள். ஒர்க்ஷாப்பிலிருந்து பித்தளைத் துண்டு எடுத்துவந்தானா என்றும் கேட்பார்கள். பராசரன் தைரியசாலி இல்லை. தெருவில் மாடு முறைத்தால் எதிர்ப்பக்கம் போகிற ஆசாமி. ஆனாலும், "அது மட்டும் சொல்லமாட்டேன் ஸார்" என்றார்.

"அப்புறம் உன் இஷ்டம்."

வீரமலை கொடியிலிருந்த சட்டையை எடுத்து நீட்டினான். பராசரன் ஒரு கையை நுழைத்துவிட்டார். இன்னொரு கைக்கு வழி தெரியாமல் துழாவிக்கொண்டிருந்தபோது, படிக்கட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது.

"நான் ஒண்ணு சொல்லலாமா?"

வேதவதி பாலத்துக்குக் கீழாகக் குனிந்து கூடத்துக்குள் வந்திருந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரையும் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்கம்மா."

"அது கவிழாது. எத்தனை தரம் விட்டாலும் கவிழாது. போன செவ்வாய்க்கிழமை நான்தான்..." புடவைத் தலைப்பை விரலில் முறுக்கினாள். "பெருக்கறச்சே துடைப்பம் பட்டு அந்த நடுக்கால் ஆடித்து. தரைக் கல்லு அந்த இடத்துல பள்ளம். கால் பூமியில படவே இல்லை, அந்தரத்துல நின்னுண்டிருந்தது. முக்காலி ஆடினா அடியில எதையாவது சொருகறதில்லையா? அந்தமாதிரி, போன வருஷத்துப் பஞ்சாங்கத்து அட்டையை மடிச்சு அடியில சொருகிட்டேன்."

பராசரன் அவளையே பார்த்தார். பிறகு நாலு காலில் தவழ்ந்து போய், இரண்டாம் தூணின் அடியில் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். மஞ்சள் அட்டையின் ஓரம் நூலளவுக்குத் தெரிந்தது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வண்டி மேலே இல்லாதபோது மட்டம் பார்த்தால் பாலம் மட்டமாகத்தான் இருக்கும். தண்ணீர் நிரம்பிய எஞ்சின் வந்து அமுக்கும்போதுதான் அந்தரத்தில் நின்ற கால் இறங்கும், தண்டவாளம் அதோடு இறங்கும், சக்கரம் துள்ளும். ஆபீஸில் அவர் பிரதி எடுக்கிற ஒவ்வொரு பாலத்துப் படத்தின் அடியிலும், பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்று அவர் கையாலேயே எழுதுகிறார். பத்தொன்பது வருஷமாக எழுதுகிறார். தன் வீட்டுப் பாலத்தை ஒரு நாளாவது பாரத்தோடு சோதித்தாரா? மூன்று வருஷம் எஞ்சினைப் போட்டு அறுத்ததுதான் மிச்சம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எடுத்துடட்டுமா?" என்று வேதவதி இன்ஸ்பெக்டரைக் கேட்டாள்.

"எடுங்க. நான் பார்க்கிறப்பவே எடுங்க."

அட்டை வெளியே வந்தது. வீரமலை அதை வாங்கிப் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தான்.

ஸ்பிரிட் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தும் இரண்டு கரண்டிக்கு மேல் தேறவில்லை. ஆவி பாதிகூட ஏறாது என்று பராசரனுக்குத் தெரியும். பாலம் வரைக்கும் போனால் போதும். பெட்டிகளைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் நிறுத்தினார். விளக்கின் நீலச் சுடர் சிறுத்துக்கொண்டே வந்தது.

"மூணு மணி" என்றார்.

எஞ்சின் தயங்கித் தயங்கி நகர்ந்தது. ஸ்ரீரங்கம் தாண்டுவதற்கே அரை நிமிஷம் ஆயிற்று. ஏற்றத்தில் ஏறக்குறைய நின்றேவிட்டது. பராசரன் தன்னையறியாமல் கையை நீட்டினார். "தொடாதே" என்றார் இன்ஸ்பெக்டர். கை அந்தரத்தில் நின்றது. ஒரு பிஸ்டன் அசைந்தது, இன்னொன்று அசைந்தது, எஞ்சின் மேட்டைக் கடந்து ஜன்னலடி இறக்கத்தில் வேகம் பிடித்தது. நான்கு பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாலம். முதல் தூண். இரண்டாம் தூணுக்கு வந்ததும் தண்டவாளம் மயிரிழை இறங்கியது. இப்போது எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்ததால் பராசரனின் கண்ணுக்கு அது நன்றாகத் தெரிந்தது. முன் சக்கரம் துள்ளி விலகியது. எஞ்சின் சாய்ந்து, ஓரத் தகட்டை உரசிக்கொண்டு, தலைகுப்புறக் கல்தரையில் விழுந்தது. பாய்லர் வாய் பிளந்து ஆவி சீறியது. சிந்திய ஸ்பிரிட் தரையில் ஒரு முழ நீளத்துக்குப் பற்றிக்கொண்டது. வீரமலை பக்கத்திலிருந்த செம்புத் தண்ணீரை அதன் மேல் கவிழ்த்தான்.

பராசரன் அழுதார். தப்பித்தோம் என்று அழுதாரா, எஞ்சினுக்காக அழுதாரா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். புகைபோக்கி ஒரு பக்கம் தெறித்துக் கிடந்தது; பாய்லர் அடித்தட்டை விட்டுப் பிய்ந்து ஒரே ஒரு குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் விளிம்பில் காகிதத்தை வைத்து நிதானமாக எழுதினார். எழுதியதைத் தானே ஒரு தடவை படித்துக்கொண்டார். "விளையாட்டு ரயில். நேரில் சோதித்தது. முதல் ஓட்டத்தில் நேரம் சரி. குறித்த இடத்திலேயே கவிழ்ந்தது." நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இது எங்ககிட்டயே இருக்கட்டும். இனிமே எழுதினா மேலே பெரிசா பொம்மைன்னு எழுதிடுங்க, ஐயா." அதுவரை நீ என்று பேசியவர் இப்போது பன்மைக்கு வந்திருந்தார். படிக்கட்டில் இறங்குமுன் வேதவதியைப் பார்த்து, "நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா, இந்நேரம் இவர் எங்க வண்டியில உட்கார்ந்திருப்பாரும்மா" என்றார். பூட்ஸ் சத்தம் தெருவோடு போயிற்று.

கூடத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். பராசரன் சட்டை ஒரு கையில் தொங்க, நனைந்த தரையில் உட்கார்ந்திருந்தார்.

"முதல் தடவை தாண்டினபோதே உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்பவே சொல்றதுக்கென்ன? ஸ்பிரிங்கையாவது முறிக்காம இருந்திருப்பேனே. என்னை அழைச்சுண்டு போறதுக்கே ஆயத்தம் பண்ணிட்டானே அவன். போலீஸ்னு அவ்வளவு பயமா?"

வேதவதி சிதறிய திருகாணிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சொல்லேன்."

"போலீஸுக்கு இல்லே" என்றாள். "முந்தா வருஷம் தூசி தட்டறேன்னு அந்தக் கைகாட்டியை ஒடிச்சுட்டேன். நீங்க ஒன்பது நாள் என்கூடப் பேசலை. இலையைப் போட்டா சாப்பிடுவேள், எழுந்து போயிடுவேள். ஒன்பது நாள். இன்னிக்கு அவா விலங்கை எடுத்துண்டு வந்து நிக்கறச்சேகூட எனக்கு முதல்ல தோணினது அதுதான். சொன்னா, தொட்டேன்னு தெரிஞ்சுடும். மறுபடியும் பேசமாட்டேளே."

பராசரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லலாம், சொன்னால் பொய். அந்த ஒன்பது நாள் அவருக்கு நினைவே இல்லை. அது இன்னும் மோசம். அவர் மறந்துவிட்ட அற்பக் கோபம் ஒன்று இவள் நெஞ்சில் இரண்டு வருஷமாக விலங்கைவிடக் கனமாகக் கிடந்திருக்கிறது. ஜெயிலுக்குப் போக இருந்தது போலீஸால் இல்லை, தன்னால்தான் என்று அவருக்கு உறைத்தது.

எழுந்திருக்கப் போனார், கால் வழுக்கிற்று. எஞ்சினின் அடித்தட்டையும் சக்கரங்களையும் இரண்டு கையாலும் சேர்த்துத் தூக்கினார். சூடு ஆறிப்போன பாய்லர் தனியாகத் தொங்கி ஆடியது. மூன்றாவது கை ஒன்று வேண்டியிருந்தது.

"இதைக் கொஞ்சம் பிடியேன்."

வேதவதி கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

"தொடலாமா?"

பராசரன் பாய்லரை அவள் கையில் வைத்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.